விசிலுக்குப் பிறகும் விடாத கை

நவம்பர் 4

காலையில் மழையோடு பயிற்சி. மாஸ்டர் ஸ்கிப்பிங் கயிற்றின் கட்டைப் பக்கத்தால் என் விரல்மேல் அடித்தார். சுண்டுவிரல் நகம் கறுத்துவிட்டது. பேனாவைப் பிடித்து மெதுவாகத்தான் எழுத வருகிறது.

தப்பு என்னுடையது. நான் லெஃப்ட் கார்னர். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பதுதான் என் வேலை. கேப்டன் ஆரோக்கியம் அக்கா ரெய்டு வந்தார், பிடித்தேன், விழுந்தார். மாஸ்டர் விசில் ஊதினார். விசில் ஊதினால் விட்டுவிட வேண்டும். என் விரல்கள் விடவில்லை. மூடியவை மூடியபடியே நின்றுவிட்டன. விரி, விரி என்று உள்ளுக்குள் சொல்கிறேன், யாருடைய கையோ போலக் கிடக்கிறது.

"அடியே தையலு, வலிக்குதுடி!" என்று கத்திய அக்கா, இன்னொரு காலால் என் தோளில் உதைத்துத்தான் தன் காலை உருவிக்கொண்டார்.

"விசில் கேக்கலியா? செவுடாடி நீ?" என்றார் மாஸ்டர்.

"கேட்டுச்சு மாஸ்டர்."

"கேட்டும் புடிச்சுக்கிட்டுக் கெடந்தியா? திமிரு."

அப்புறம்தான் அடித்தார். விரல்கள் தாமாக விரிந்தது அதற்கும் பிறகு.

தணிகாசலம் மாஸ்டர் கெட்டவர் இல்லை. அவர் இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் இந்நேரம் ஊரில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருப்போம். எங்களை ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கிக் கொண்டுவந்து, ரைஸ்மில்லுக்குப் பின்னால் வீடு பிடித்துத் தங்க வைத்திருக்கிறார். அவர் சொன்னால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் பெயர் போகும். போன வருஷம் இங்கிருந்து போனவர்கள் இப்போது யூனிஃபார்மோடு போட்டோ அனுப்புகிறார்கள்.

இன்று சமையல் என் முறை. வெங்காயம் உரிக்க முடியவில்லை. குமுதா உரித்துக் கொடுத்தாள்.

நவம்பர் 7

மழை. பயிற்சி இல்லை. துணி எதுவும் காயவில்லை. குமுதா அடி வாங்கிய சத்தத்தைக் கேட்டு மில்லிலிருந்து ஓர் ஆள் மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

நவம்பர் 12

கை பூட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் அடிபம்பில் வேகவேகமாகத் தண்ணீர் அடித்தால் கை கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளும். மார்கழி என்றால் இன்னும் மோசம். ஓடிப் பிடித்து விளையாடினால் தொடை இறுகி மரம் மாதிரி சாய்ந்துவிடுவேன். அம்மா வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிடுவார். வலிக்காது. இறுக்கம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் தானாகத் தளர்ந்துவிடும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கபடியில் அதுவே எனக்குப் பேர் வாங்கித் தந்தது. தையல்நாயகி பிடித்தால் உடும்பு என்பார்கள்.

நவம்பர் 19

அரையிறுதி தோற்றோம். என்னால்தான்.

கடைசிப் பாதி ஆட்டத்தில் பிடி மேல் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை சூடேறி இறுகிக்கொண்டே வந்தது. விசில் ஊதிய பிறகும் ஒருத்தியின் காலை விடவில்லை என்று நடுவர் எதிரணிக்குப் புள்ளி கொடுத்தார். மறுபடியும் அதேபோல். ஒரே புள்ளியில் போய்விட்டது.

மேடைக்கு முன்னால், மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாஸ்டர் என் கன்னத்தில் அறைந்தார். கீழே விழுந்த என்னை முடியைப் பிடித்து எழுப்பி மறுபடி அறைந்தார். சனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். எதிரணி ரெய்டர் எழிலரசி மட்டும் ஓடிவந்து, "அடிக்காதீங்க சார், அவளுக்குக் கை அப்படித்தான், மாநில கேம்ப்லயே பாத்திருக்கேன்" என்றாள். ஒரு கேம்பில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தோம். நல்ல பெண். மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் தோற்றால் அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று யோசித்தால் கோபம் வராது.

இடது காதில் இன்னும் ஒரு ரீங்காரம்.

நவம்பர் 24

ஆரோக்கியம் அக்கா, மாஸ்டரிடம் பல்வலி என்று பொய் சொல்லி, என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நரம்புப் பிரிவில் ஹெப்சிபா என்று ஒரு டாக்டரம்மா. "கையை மூடும்மா, தொற" என்றார். மூடினேன், திறந்தேன். "இப்ப வேகமா, நான் சொல்ற வரைக்கும்" என்றார். கொஞ்ச நேரத்திலேயே விரல்கள் திறக்கவில்லை. டாக்டரே தன் விரலைக் கொடுத்துப் பிரித்துப் பார்த்தார், முடியவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. பயிற்சி டாக்டர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"அப்பா அம்மா சொந்தத்துல கட்டிக்கிட்டவங்களா?"

"ஆமாங்க மேடம். எங்கம்மா அப்பாவுக்கு அக்கா மவ."

தலையை ஆட்டினார். தொடையிலிருந்து கடுகளவு சதை எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அதற்காகத் திரும்பிப் படுக்கச் சொன்னபோது முதுகைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன, வரி வரியா?"

"மேட்ல விழுந்தேங்க மேடம்."

"மேட் கயிறு மாதிரியா இருக்கும்?"

நான் சட்டையை இழுத்து மூடிக்கொண்டேன். ஆரோக்கியம் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 25

பல்வலி பொய் என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவால் இன்று உட்கார முடியவில்லை.

டிசம்பர் 8

ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர், "உங்க மாஸ்டரை வரச் சொல்லு, நானே பேசணும்" என்று சொல்லியிருந்தார். மாஸ்டர் பயந்துகொண்டேதான் வந்தார் என்று நினைக்கிறேன். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டிருந்தார்.

டாக்டர் ஒரு தாளில் கோடு கோடாக வரைந்து காட்டினார். தசை என்பது நார் நாராக இருக்கும். நாருக்குள்ளே சின்னச் சின்னப் பைகளில் கால்சியம் அடைத்திருக்கும். மூளை உத்தரவு போட்டதும் அது வெளியே கொட்டும், நார் சுருங்கும். விட வேண்டும் என்றால் கொட்டியதைத் திரும்பப் பைக்குள் இறைத்தாக வேண்டும். அந்த இறைக்கிற வேலையைச் செய்வது ஒரு புரதம். அதிலும் வகை உண்டு. வேகமாகச் சுருங்குகிற நாருக்கு ஒன்று, நிதானமாக வேலை செய்கிற நாருக்கும் இதயத்துக்கும் வேறொன்று.

"இவளுக்கு அந்த வேக வகைதான் பொறக்கும்போதே மாறி அமைஞ்சுபோச்சு. இதயத்துக்குப் பயமில்ல. மெதுவா நடக்கலாம், வேலை செய்யலாம். ஆனா திடீர்னு முழு பலத்தைக் கொடுத்து, திரும்பத் திரும்பக் கொடுத்தா, சுருங்கின நார் விரியாது. அவ விடணும்னு நெனச்சாலும் விடாது. இது திமிரு இல்ல சார்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மாஸ்டரை நேராகப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"மீறி ஓடவிட்டா தசையே உடைஞ்சு ரத்தத்துல கலக்கும். கிட்னி போயிடும். ஆட்டத்தை நிறுத்திடணும்."

மாஸ்டர் ரொம்பப் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு அக்கறையாக அவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை. பூட்டினால் எவ்வளவு நேரம் நிற்கும் டாக்டர்? குளிரில் கூடுமா? முன்னாலேயே களைத்துப் போயிருந்தால் சீக்கிரம் பூட்டுமா? டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மாஸ்டர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

டிசம்பர் 12

ஆட்டம் நிறுத்த வேண்டாம் என்றார் மாஸ்டர். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. போலீஸ் செலக்ஷன் முடியற வரைக்கும் ஆடு. பக்குவமா நான் பாத்துக்கறேன்." சரி என்றேன். அம்மாவிடம் போனில் ரிப்போர்ட் பற்றிச் சொல்லவில்லை. முட்டை, பேரீச்சம்பழம் எனக்கு மட்டும் தனியாக வருகிறது. மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்கிறேன்.

டிசம்பர் 18

இப்போதெல்லாம் மாஸ்டர் என்னை அடிப்பதே இல்லை!

புதுப் பயிற்சி. ரப்பர் பந்தை விடாமல் அமுக்க வேண்டும். பிறகு ஐஸ் வாளியில் கையை விட வேண்டும். வீக்கத்துக்கு நல்லதாம். அப்புறம் உடனே பிடி. இன்று மாஸ்டர் குமுதாவை ரெய்டு அனுப்பினார். பிடித்ததும் பூட்டிக்கொண்டது. மாஸ்டர் விசில் ஊதிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குமுதா அழுதாள். "வுடச் சொல்லுங்க மாஸ்டர், கால் மரத்துப்போவுது." அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரிந்த பிறகு என் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

குமுதா அழுததற்காகச் சாயங்காலம் காதோடு சேர்த்து அறை வாங்கினாள். தலையணையில் ரத்தம். காதில் பஞ்சு வைத்துவிட்டேன். கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள். நாளைக்குப் பரீட்சை. நான் கேள்வி கேட்டால், "என்னாக்கா? சத்தமா சொல்லு" என்கிறாள்.

டிசம்பர் 27

நாளை இன்னொரு போட்டியின் அரையிறுதி, எழிலரசி அணியோடு ஆட்டம். மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவ வந்தா காலை மட்டும் புடி. விசில் ஊதினாலும் பதறாத. தானா வுடறப்ப வுடட்டும். நடுவர் கேட்டா நான் பேசிக்கறேன்."

பதறாத என்று அவர் சொன்னது ஆறுதலாக இருந்தது.

டிசம்பர் 28

எழிலரசியின் முழங்கால். என்னால் எழுத முடியாது.

டிசம்பர் 30

எழுதிவிடுகிறேன்.

திறந்த மைதானம், பனி இறங்கும் சாயங்காலம். ஆட்டத்துக்கு முன்னால் வேனுக்குப் பின்னால் என்னை ஓடவிட்டார், உட்கார்ந்து எழச் சொன்னார், பந்து அமுக்கச் சொன்னார். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஐஸ் வாளி. ஒவ்வொரு இடைவேளையிலும் கையை உள்ளே விடச் சொன்னார்.

எழிலரசி பாடி வந்தாள். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் நீட்டினாள். பாய்ந்து கணுக்காலைப் பிடித்தேன். ஆரோக்கியம் அக்கா இடுப்பைப் பிடித்தார். கீழே விழுந்தாள். மூச்சு விட்டாள். விசில். அக்கா விட்டுவிட்டு எழுந்தார். ரெய்டு முடிந்தது என்று எழிலரசியும் எழுந்து தன் பக்கம் திரும்பினாள். உடம்பு திரும்பிவிட்டது, கால் என் கையில் இருந்தது. பின்னாலிருந்து ஓடிவந்த எங்கள் அணிப் பெண் ஒருத்தி தடுக்கி அவள்மேல் விழுந்தாள்.

பச்சை மூங்கிலை மிதித்து உடைத்தால் வருமே, அந்தச் சத்தம். என் கைக்குள்ளேயே கேட்டது. கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் போயிருந்தது. அவள் கத்தவில்லை முதலில். என் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் கத்தினாள். அப்போதும் என் கை விடவில்லை. அவள் கத்தக் கத்த நான் பிடித்துக்கொண்டே கிடந்தேன். நானும் கத்தினேன். அவளுடைய அண்ணன் ஓடிவந்து என் விலாவில் மிதித்தான். நாற்காலிகள் பறந்தன. ஆரோக்கியம் அக்காவின் நெற்றி பிளந்தது. யாரோ என் விரல்களைச் செருப்பால் அடித்துப் பிரித்தார்கள்.

அதற்குப் பிறகு மாஸ்டர் மைக்கை வாங்கி, சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து விரித்துக் காட்டினார். "இந்தப் பொண்ணுக்குத் தசை வியாதிங்க. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தது. அவளே வுடணும்னு நெனச்சாலும் கை வுடாது. வேணும்னு செய்யல. பாவம்ங்க." கமிட்டிக்காரர்கள் படித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். அன்று அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் கேட்டார்கள். என்மேல் நடவடிக்கை இல்லை. எழிலரசி இல்லாத அணியை ஜெயித்தோம். இறுதிப் போட்டி பொங்கலுக்கு.

வேனில் மாஸ்டர் பாட்டுப் போடச் சொன்னார்.

ஜனவரி 2

சிறுநீர் கடுங்காப்பி மாதிரிப் போகிறது. தொடை இரண்டும் தொட முடியவில்லை. மயங்கி விழுந்தேனாம். அக்கா தன் நெற்றித் தையலோடு ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏறுகிறது.

"சதை கரைஞ்சு கிட்னியை அடைக்குது. செத்துப்போக ஆசையா?" என்று டாக்டர் கத்தினார். "யாரு உன்னை ஓடவிட்டது?"

"நானாத்தாங்க மேடம்."

"ஐஸ்ல கையை வெச்சதா உன் கேப்டன் சொல்றா. அதுவும் நீயாத்தானா?"

"வீக்கத்துக்குங்க மேடம்."

டாக்டர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "குளிர்ல கூடுமான்னு அந்த ஆளு என்கிட்டதான் கேட்டான். நானும் உக்காந்து பாடம் எடுத்திருக்கேன்."

ஜனவரி 4

எழிலரசி இதே ஆஸ்பத்திரியில், எலும்பு வார்டில் இருக்கிறாள். குளுக்கோஸ் கழற்றியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் டம்ளரை எறிந்தார். "வெளிய போடி கொலகாரி!" எழிலரசிதான், "வுடும்மா, இருக்கட்டும்" என்றாள். காலில் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"விசில் கேட்டுச்சா ஒனக்கு?"

"கேட்டுச்சு."

"கை வரல. அது எனக்குத் தெரியும்." என் கையைப் பார்த்தாள். "பெஞ்சு பக்கத்துல ஐஸ் வாளி எதுக்குடி வெச்சிருந்தீங்க? கேம்ப்ல குளிர்ல ஒனக்குக் கை பூட்டுதுன்னு நாமதான வெந்நி வெச்சோம்?"

பதில் என்னிடம் இருந்தது. டிசம்பர் எட்டாம் தேதியிலிருந்தே இருந்தது. இளநீரோடு சேர்த்துக் குடித்துவிட்டேன்.



ஜனவரி 9

வாய் வீங்கியிருக்கிறது. முன்பல் ஒன்று இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும், காலையில் சாமான் எடுக்க ரைஸ்மில் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். எல்லோரும் முற்றத்தில் பயிற்சிக்கு நின்றார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்து, "வாடி ராணி, ஃபைனலுக்கு ஆறிட்டியா?" என்றார்.

"நான் ஆடல மாஸ்டர்."

"என்னாது?"

"ஆட மாட்டேன். ஐஸு எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

என்னை அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. என் கை அவருக்கு வேண்டும். திரும்பி, வரிசையில் முதலில் நின்ற குமுதாவின் பின்னலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். ஸ்கிப்பிங் கயிற்றின் கட்டையால் அவள் முதுகில், தோளில், அந்தக் கெட்டுப்போன காதில்.

"நீ ஆடலன்னா இவ வாங்குவா. சொல்லு, ஆடறியா? ஆடறியா?"

குமுதா அழக்கூட இல்லை. தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அவர் மறுபடியும் கையை ஓங்கினார். அந்த மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வுடுடி."

"பூட்டிக்கிச்சு மாஸ்டர்."

இடது கையால் வாயில் குத்தினார். பல் போனது அப்போதுதான். மறுபடி குத்தினார். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து அவர் சட்டையில் சொட்டியது. இழுத்தார், உதறினார், என் முழங்காலில் உதைத்தார். நான் விழுந்தேன். அவரும் என்னோடு விழுந்தார். மற்றவர்களைப் பார்த்து, "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, இழுங்கடி இவளை!" என்று கத்தினார். யாரும் அசையவில்லை. ஆரோக்கியம் அக்கா போய் வாசல் கதவைச் சாத்தினார்.

அவர் முகம் மாறியது. இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "தையலு, வலிக்குதும்மா. வுட்ரு." பிறகு என்ன நினைத்தாரோ, கழுத்தில் தொங்கிய விசிலைக் கடித்து ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். வாயில் நுரை தள்ள ஊதினார்.

விசில் எனக்கு நன்றாகக் கேட்டது. கையைத் திருகினேன். அதே சத்தம் வந்தது.

ஜனவரி 10, காலை

மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டில். டாக்டர் வந்து உதட்டில் தையலைப் பார்த்தார். மாஸ்டருக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போய்விட்டதாம். தகடு வைக்க வேண்டுமாம். என்மேல் புகார் கொடுத்திருக்கிறாராம்.

"போலீஸ் கேட்டா நான் ரிப்போர்ட்டோட வந்து சொல்றேன்" என்றார். பிறகு என் விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நேத்து அதுக்கு முன்னாடி ஓடினியா?"

"இல்லீங்க மேடம்."

"பந்து, ஐஸு?"

"இல்லீங்க."

"வெயில்தான் அடிச்சுது இல்ல?"

"ஆமாங்க."

என் கையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "சரி" என்றார்.

ஜனவரி 10, சாயங்காலம்

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஒருவர். அன்று மைதானத்தில் காவலுக்கு நின்றவர்தான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வாயின் ஒரு ஓரத்தால் குடித்தேன்.

"பயப்படாத. ஒன் கேஸ் நிக்காது. கை தானா பூட்டிக்கும், அவளா வுட முடியாதுன்னு அந்த ஆளே மைக்ல ஊருக்கே சொல்லியிருக்கான். இப்ப மாத்திச் சொன்னா எவன் நம்புவான்? கை பூட்டிக்கிச்சு, எனக்குத் தெரியாதுன்னு ஒரு வரி சொல்லு. எழுதிக்கிறேன். வீட்டுக்குப் போ."

எவ்வளவு சுலபம். ஒரு வரி. வெளியே வராந்தாவில் குமுதா காதில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆரோக்கியம் அக்காவும் மற்றவர்களும். அவர்களும் புகார் எழுதத்தான் வந்திருந்தார்கள். அம்மா ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தார். எனக்கு எழிலரசியின் முகம் வந்தது, கத்துவதற்கு முன்னால் என்னைப் பார்த்த முகம். இதையும் வியாதிமேல் போட்டால், அதுவும் வெறும் வியாதியாகவே போய்விடும். ஐஸ் வாளி யாருடைய கண்ணிலும் படாது.

"மேடம், ரெண்டையும் ஒண்ணா எழுதாதீங்க."

"எந்த ரெண்டு?"

"எழிலரசி காலைப் புடிச்சப்ப கை பூட்டினது நெசம். அது என் சதை. ஆனா பூட்ட வெச்சது அவரு. ஓடவுட்டு, ஐஸ்ல வெச்சு, காலை மட்டும் புடின்னு சொல்லி அனுப்புனாரு. டாக்டரைக் கேளுங்க, எங்க புள்ளைங்களைக் கேளுங்க. நேத்து அப்படி இல்ல. நேத்து எனக்குக் கை நல்லா இருந்துச்சு."

எஸ்.ஐ. பேனாவை நிறுத்தினார்.

"நல்லா இருந்துச்சுன்னா?"

"விசில் கேட்டுச்சு. வுட்டிருக்கலாம். நான்தான் வுடல."

"அடியே, யோசிச்சுப் பேசு. இதை எழுதினா ஒன்மேலயும் கேஸ். போலீஸ் வேலை இந்த ஜென்மத்துக்குக் கெடைக்காது."

"தெரியும் மேடம். எழுதுங்க."

அவர் என்னைத் திட்டிக்கொண்டேதான் எழுதினார். படித்துக் காட்டியபோது குரல் இறங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 16

பொங்கல் போனதே தெரியவில்லை. அவரைக் கைது செய்துவிட்டார்கள், கையில் கட்டோடு. குமுதாவின் காது, அக்காவின் நெற்றி, என் கிட்னி, எழிலரசியின் கால் எல்லாமே வழக்கில் இருக்கின்றன. என் வழக்கு தனி. ஜாமீனில் இருக்கிறேன். கபடிக்காரர்களில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. அம்மா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அடிபம்புலயே தெரிஞ்சிருக்கணும்டி எனக்கு" என்று அழுகிறார்.

அந்த மணிக்கட்டு சில சமயம் கைக்குள் இருப்பது மாதிரி இருக்கிறது. கனவில் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. விழித்த பிறகு இல்லை.

பிப்ரவரி 21

எழிலரசி கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சியாம். "எங்கம்மாவுக்கு முதுகுவலி. புடிச்சுக்க ஆளு வேணும். வர்றியா?"

"நானா?"

"ஒம்மேல கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காத. வா."

போனேன். அவளுடைய அம்மா என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். எழிலரசி கட்டிலிலிருந்து இறங்கி, முழு பாரத்தையும் என் முன்கையில் போட்டாள். மெதுவாகப் பிடிப்பதால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு வலி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஜன்னல் வரைக்கும் போனோம்.

"இப்ப வுடு" என்றாள்.

விட்டேன்.

தானாக இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவதில் தடுமாறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அறிவிருக்கா ஒனக்கு, சொன்னா அப்படியே வுட்டுடறதா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி என்னைத் திட்டினாள்.